ஐந்து லீவர் ஆமைப்பூட்டு

முதலில் பிணைச்சல்தான்.
ஐம்பத்தெட்டில் அருளம்பலத்தார் கொக்குவிலில்
ஒரு கடைசல் இயந்திரத்தை இறக்கியபோது
பூட்டு அவர் கணக்கில் இல்லை.
கதவு இருந்தால் பிணைச்சல் வேண்டும்,
பிணைச்சல் இருந்தால் கொண்டி வேண்டும்,
கொண்டிக்குப் பிறகு வேண்டியதை
அயலட்டைச் சந்தேகம் விற்றுத் தரும் என்று
வங்கி மனேஜருக்குச் சொன்னாராம்.
கடன் கிடைத்தது.

எழுபதுகளில் வெளிநாட்டுப் பூட்டுகள்
துறைமுகத்தோடு நின்றுபோக
எங்கள் ஆமை தெற்கே நடந்தது.
குருநாகலில் ஒரு முகவர், மாத்தறையில் ஒருவர்.
பெட்டியில் மூன்று மொழியிலும் ஒரே வாக்கியம்:
பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்க்கவும்.
எண்பத்து மூன்று ஆடிக்குப் பிறகு
குருநாகல்காரர் பாக்கியைக் காசுக்கட்டளையில் அனுப்பினார்.
மாத்தறைக்காரர் அனுப்பவில்லை.
பேரேட்டில் இரண்டும் ஒரே மையில் இருக்கின்றன.

நான் கணக்கெழுதச் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில்.
இரும்புக்குத் தடை. மின்சாரம் இல்லை.
பழைய ரலி சைக்கிளை நிலத்தில் இறுக்கி
யேசுரட்ணம் மிதிக்க, கடைசல் சுற்றும்.
லீவருக்குப் பித்தளை?
‘கழிவு உலோகம், கிலோ எட்டு’ என்று எழுதுவேன்.
எட்டுக் கிலோவில் சன்னக் கோது எத்தனை,
அதில் யார் சுட்டது எத்தனை
என்று பிரிக்க நிரல் இல்லை.
உருகினால் ஒரே மஞ்சள்.

ஒக்ரோபர் முப்பது, தொண்ணூற்றைந்து.
பொழுதுபட அறிவித்தார்கள்; மழையும் பிடித்தது.
அன்றைக்குப்போல ஒருநாளும் விற்கவில்லை.
காசு எண்ண நேரமில்லாமல்
பெயர், ஒழுங்கை, பூட்டு இலக்கம், ரூபா எண்பத்தைந்து;
பெயர், ஒழுங்கை, பூட்டு இலக்கம்.
மெழுகுதிரி முடிவதற்குள் இருநூற்றுப் பதினான்கு வரி.
கடைசி வரியில் நான்.
நாச்சிமார் கோயிலடி, இலக்கம் 4471.

பாதை திறந்தது. பாதிவிலைக்குச் சீனப் பூட்டு வந்தது.
ஷட்டருக்கு ரோதை, வங்கிக்குக் கம்பிக்கதவு,
ஹோட்டல்களுக்குக் குளியலறைக் கைபிடி என்று
சுகிர்தா தொழிலைத் திருப்பினாள்.
அருளம்பலத்தாரின் மருமகள்; நட்டம் பிடிக்காது.
ஆமை, விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில்.

போன செவ்வாய் ஒருவர் வந்தார்.
குணநாயகம், கோண்டாவில் கிழக்கு.
வரி நூற்று முப்பத்தேழு.
அத்திவாரம் வெட்டின ஜேசிபி எடுத்துப் போட்டதாம்:
கொண்டியோடு, ஒரு சாண் வேப்பம் பலகையோடு,
பூட்டினபடியே பூட்டு.
“வீடு போச்சு, கதவு போச்சு.
இது மட்டும் ஒருத்தரையும் உள்ள விடேல்லை.”

சுகிர்தா கைபேசியை எடுத்தாள்.
கலண்டரில் போடலாம் என்றாள்.
“விளம்பரத்துக்கு வரேல்லைப் பிள்ளை.
கடன் குடுக்க வந்தனான்.”
நூறு ரூபாத் தாளை வைத்தார்.
“மிச்சம் பதினைஞ்சு தாங்கோ.”

தேடிக் கொடுத்தேன்.

திறப்பு அவரிடம் இருந்தது.
யேசுரட்ணம் மூன்று சொட்டு எண்ணெய் விட்டு
காதருகே வைத்துத் திருப்பினான்.
ஒன்று. இரண்டு. மூன்றும் நாலும் ஒன்றாக.
ஐந்தாவது கொஞ்சம் யோசித்தது.
பிறகு வளையம் துள்ளியது.
குணநாயகம் உள்ளே பார்த்தார்,
பூட்டுக்குள் பார்க்க என்ன இருக்கிறதோ.
திரும்ப அமத்தினார்.
ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.
பையில் போட்டுக்கொண்டு போனார்.

நேற்று ஓடிட்டர்.
வருஷாவருஷம் சொல்வதுதான்:
“அறவிட முடியாக் கடன். வெட்டி விடுங்கோ, தங்கச்சி.”
நூற்று முப்பத்தேழைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
என் பெயர்வரை விரலை ஓட்டினார்;
ஒன்றும் கேட்கவில்லை.

மிகுதி இருநூற்றுப் பதின்மூன்று.
அடுத்த ஆண்டுக்கு முன்கொண்டு செல்லப்பட்டது.